பொன்னாயியும் இரண்டு பச்சை உடம்பும்

புதுக்குடியில் பிறந்தவர்களில் பொன்னாயி கையில் விழாதவர்கள் குறைவு. மிராசுதார் வீட்டுப் பிள்ளையானாலும் அவருடைய பண்ணையாள் வீட்டுப் பிள்ளையானாலும், உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். ஏலாக்குறிச்சிக்கு வடக்கே மூன்று மைல் தள்ளி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே கிடந்த ஊர் அது. அங்கே டாக்டர் கிடையாது, நர்சு கிடையாது. தெற்குத் தெருவில் கடைசிக் கூரையில் பொன்னாயி இருந்தாள், அவ்வளவுதான். வயது கேட்டால், "பெரிய காய்ச்சல் வந்துச்சே, அந்த வருசம் எனக்கு மொதப் புள்ள" என்பாள். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சண்டை நடந்துகொண்டிருந்த 1944-இல் அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கலாம்.

வாய் பொல்லாதது. வலியில் கத்துகிற பெண்களைப் பார்த்து, "கத்தாதடி, கத்துனா புள்ள வாய் வழியாவா வரப்போவுது?" என்று அதட்டுவாள். திட்டிக்கொண்டேதான் இடுப்பைத் தேய்த்துவிடுவாள். கை மட்டும் பொல்லாத கை இல்லை. குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்த கை, மூச்சில்லாமல் விழுந்ததை ஊதி அழவைத்த கை. 'பொன்னாயிக்குக் கைராசி' என்று ஊர் சொல்லும். மருத்துவச்சிக்கு அந்தப் பேச்சுதான் நிலம், அதுதான் நகை. பூலாம்பாடிப் பக்கம் ஒரு மருத்துவச்சி கையில் ஒரே மாதத்தில் இரண்டு தாய்மார்கள் தவறிப்போனார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டுப் படலை யாரும் தட்டவில்லை. புல் அறுத்து விற்கப் போனாள். அந்தக் கதையைப் பொன்னாயி அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

கைராசியைக் காப்பாற்றிக்கொள்ள அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவளுடைய சட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தச் சீமை முழுக்க அதுதான் சட்டம். பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் குடித்தால் உள்ளே இருக்கிற புண் ஊறும், சீழ் கட்டும், ஐந்தாம் நாள் ஜன்னி காணும், கதை முடிந்தது. அதனால் ஏழு நாளைக்கு வறட்டுச் சோறும், சுட்ட பூண்டும், சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் இடித்த காய மருந்தும்தான். காலையில் ஒரு மிடறு வெந்நீர், சாயங்காலம் ஒரு மிடறு. நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடலாம். பெண்கள் கெஞ்சுவார்கள், சபிப்பார்கள். பொன்னாயி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம் பங்குனியில் மிராசுதார் நல்லுசாமியின் மகள் கிருஷ்ணம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் வைத்திலிங்கம் பட்டாளத்தில் இருந்தான். பர்மா பக்கம் என்று சொன்னார்கள். கடிதத்தில் பாதி வரிகளை மை பூசி அழித்திருந்ததால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. போகும்போது அவன் தன் வேட்டை நாயைப் பெண்டாட்டி கையில் ஒப்படைத்து, "நான் வர்ற வரைக்கும் இவன் உங்கூட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாய்க்குப் பெயரே சிப்பாய்தான். கிருஷ்ணம்மாள் மாட்டு வண்டியில் வந்தபோது அதுவும் வண்டிக்குள் உட்கார்ந்தே வந்தது.

வந்த நாளிலிருந்து அந்த நாயை வீட்டில் ஒருத்தரும் நாயாகப் பார்க்கவில்லை. சிப்பாய் தின்றால் மாப்பிள்ளை அங்கே தின்றார். சிப்பாய் ஒரு வேளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் நல்லுசாமியின் மனைவி வீராயி மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள். இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது சுலபம். தபால்காரனை வாரம் முழுக்க எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சிப்பாய்க்குப் பங்குனி பிறந்ததிலிருந்தே நீர் சரியாகப் பிரியவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், நிற்கும், நாலு சொட்டு விழும், அதிலும் ரத்தம் கலந்திருக்கும். சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலை கிருஷ்ணம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அன்றைக்கே சிப்பாய்க்கு அந்த நாலு சொட்டும் நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை வயிறு பறை மாதிரி விறைத்துக்கொண்டது. தொட்டால் ஊளையிட்டது.

நல்ல வேளையாக மாட்டு டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். ஞானப்பிரகாசம் என்று பெயர். திருச்சிக்காரர், இளவயசு. மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியிருந்ததால் ஊர் ஊராகக் கேம்பு போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஆள் விட்டதும் சைக்கிளில் வந்துவிட்டார். சிப்பாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எண்ணெய் தடவி நீர்த்துவாரத்தில் விட்டார். பாதியில் குழாய் எதிலோ முட்டியது. கொதித்து ஆறின தண்ணீரைக் குழாய் வழியே அடித்துத் தள்ளினார். முட்டியது பின்னால் போயிற்று. சிவப்பும் பழுப்புமாக ஒரு சட்டி நீர் வந்தது. சிப்பாய் பெருமூச்சு விட்டுத் தலையைக் கீழே போட்டது.

"மூத்திரப் பையில கல்லு இருக்கு. இப்ப தள்ளிவிட்டிருக்கேன், நாளைக்கோ மறுநாளோ திரும்ப வந்து அடைக்கும். வயித்தக் கீறித்தான் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

"நாய்க்குங்களா?" என்றார் நல்லுசாமி.

"நாய்க்குத்தான். காலேஜுல ரெண்டு பண்ணிப் பாத்திருக்கேன். ஒண்ணு பொழச்சுது."

இன்னொன்று என்ன ஆயிற்று என்று நல்லுசாமி கேட்கவில்லை. உள்ளே போய் வீராயியிடம் சொன்னார். வீராயி மகளிடம் சொன்னாள். கிருஷ்ணம்மாள் படுத்தபடியே, "செய்யச் சொல்லுங்க" என்றாள். அரியலூருக்கு ஆள் ஓடியது. மறுநாள் விடிந்ததும் கம்பவுண்டர் வைரக்கண்ணு ஆயுதப் பெட்டியையும் பாதி குளோரோபாரம் புட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சண்டைக் காலத்தில் அந்தப் பாதி புட்டி கிடைத்ததே பெரிது.

வண்டிக் கொட்டகையை மெழுகிச் சுத்தம் பண்ணினார்கள். கதவு ஒன்றைக் கழற்றி இரண்டு உரல்மேல் போட்டார்கள், அதுதான் மேசை. நெல் அவிக்கிற அண்டாவில் கத்தியும் கத்திரியும் கொதித்தன. "ரத்தத்தப் பாத்து மயக்கம் போடாத ஆளு ஒண்ணு கூட நிக்கணும்" என்றார் டாக்டர். நல்லுசாமி தன் ஆட்களைப் பார்த்தார். தடியன் தடியனாக ஏழு பேர் நின்றார்கள்; ஏழு பேருக்கும் அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை வந்துவிட்டது. நல்லுசாமி பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ பொன்னாயி!"

பொன்னாயி வந்தாள். இரண்டு நாளாக அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னா செய்யணும், ஐயா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"நாய் நெஞ்சுல கைய வச்சுக்க. மூச்சு ஓடுதான்னு பாத்துக்கிட்டே இரு. நின்னா உடனே சொல்லு."

வைரக்கண்ணு, ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியில் பஞ்சை அடைத்து, அதைச் சிப்பாயின் மூக்கில் வைத்து மருந்தைச் சொட்டவிட்டார். நாய் திமிறியது, பிறகு துவண்டது. டாக்டர் சவரம் செய்த அடிவயிற்றில் அயோடின் தடவி ஒரே கோடாகக் கீறினார். உள்ளிருந்து மூத்திரப் பையை இரண்டு விரலால் தூக்கி ஈரத்துணிமேல் வைத்தபோது பொன்னாயிக்கு ஆச்சரியமாக இருந்தது. பன்னீர்க்குடத்தை எத்தனையோ தடவை பார்த்தவள் அவள். இதுவும் அதே மாதிரி வெளிறி, நரம்போடி, பளபளவென்று இருந்தது.

பையைக் கீறிக் கரண்டியை விட்டார். களாக்காய் அளவில் ஒரு கல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மொச்சை மாதிரி மூன்று. அந்த நேரத்தில்தான் பொன்னாயியின் உள்ளங்கைக்கு அடியில் நெஞ்சு அசையாமல் நின்றது.

"ஐயா, மூச்சு நின்னுபோச்சு!"

வைரக்கண்ணு கொட்டாங்கச்சியைத் தூக்கி எறிந்தார். டாக்டரின் இரண்டு கையும் வயிற்றுக்குள் இருந்தன. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பொன்னாயி காத்திருக்கவில்லை. நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தாள், வாயைத் துடைத்தாள், விலாவைப் பிடித்து அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். மூச்சில்லாத பிள்ளைக்குச் செய்வதைத்தான் செய்தாள். "வாடா, வந்துருடா, ஊரெல்லாம் பாக்குது, மானத்த வாங்காதடா" என்று திட்டினாள். சிப்பாய் ஒருமுறை விக்கியது. பிறகு மூச்சு ஓடியது.

"நல்ல கைம்மா உனக்கு" என்றார் டாக்டர், பையைத் தைத்துக்கொண்டே. ஆட்டுக் குடலில் திரித்த நூலால் பையைத் தைத்தார், பட்டு நூலால் தோலைத் தைத்தார், மேலே வெள்ளைத் தூளைத் தூவிக் கட்டுப் போட்டார். கற்களைக் கழுவி ஒரு தேங்காய்த்தொட்டியில் போட்டு நல்லுசாமியிடம் கொடுத்தார். ஊரே வந்து பார்த்தது. ஏழு தடியன்களும் வந்து பார்த்தார்கள்.

கிளம்பும் முன் டாக்டர் நல்லுசாமியிடமும் வீராயியிடமும் சொன்னார். பொன்னாயியும் நின்று கேட்டாள். "மயக்கம் தெளிஞ்சதும் தண்ணி காட்டுங்க. நெறையக் குடிக்கணும். தண்ணி, மோர், கஞ்சித்தண்ணி, எதானாலும் சரி. மூத்திரம் போய்க்கிட்டே இருக்கணும், அதான் முக்கியம். எனக்கு அடுத்த ஊர்ல கேம்பு இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்."

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் வீராயி பொன்னாயியைப் பார்த்தாள். "என்னாடி இது, கீறின வயித்துக்குத் தண்ணியக் குடுங்கறாரு?"

பொன்னாயிக்கும் அதே யோசனைதான். காலையில் நடந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. மாட்டு டாக்டர் கெட்டிக்காரர், கீறுவதும் தைப்பதும் அவர் வேலை, ஒத்துக்கொள்கிறாள். ஆனால் கீறின பிறகு உடம்பைத் தேற்றுகிறது யார் வேலை? அந்தச் சின்ன வயசுப் பிள்ளை எத்தனை பச்சை உடம்பைப் பார்த்திருக்கும்?

"ஆணென்ன பொண்ணென்னம்மா, நாயென்ன மனுசனென்ன? வயித்தக் கீறினா பச்ச ஒடம்புதான். தண்ணி காட்டுனா தையல் ஊறிப்போயிரும்" என்றாள்.

"கல்லே நம்ம ஊருக் கெணத்துத் தண்ணியாலதான் வந்திருக்கும். பானையில வெள்ளையாப் படியுதே, அதான் உள்ளயும் படிஞ்சிருக்கு" என்று வீராயி எடுத்துக் கொடுத்தாள். இதற்குமேல் சாட்சி வேண்டுமா? இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நன்றாக நினைவு வைத்துக்கொண்டுதான் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்.

நாயைத் தேற்றும் பொறுப்பு பொன்னாயியிடம் வந்தது. மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார் நல்லுசாமி. கிருஷ்ணம்மாள் படுத்திருந்த பின்கட்டு அறைக்கும் வண்டிக் கொட்டகைக்கும் நடுவில் பத்தடி முற்றம்தான். பொன்னாயி இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம் இருந்தாள். அங்கே ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள், இங்கே ஈரத்துணியால் மூக்கைத் துடைத்தாள். சிப்பாய்க்கும் காய மருந்தில் ஒரு உருண்டை உருட்டி வாயில் திணித்தாள். அது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கழுத்தை நீட்டியது. தொட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

வியாழக்கிழமை சிப்பாய் கெட்டியான ரத்தமாக இரண்டு சொட்டு விட்டது. சாயங்காலத்துக்குமேல் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதன் கண் குழிவிழுந்திருந்தது, ஈறு காய்ந்து பசையாக ஒட்டியது. வயிறு மறுபடி விறைக்க ஆரம்பித்தது. பொன்னாயி தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேறு நடந்த வீடு. பட்டாளத்து மாப்பிள்ளையின் நாய். இது அவள் கையில் செத்தால் ஊர் என்ன பேசும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளைக்கே பர்மாவிலிருந்து ஏதாவது தந்தி வந்துவிட்டால் அதுவும் அவள் கணக்கில்தான் சேரும். இத்தனை வருஷம் கட்டிக்காத்த கைராசி ஒரு நாயோடு போய்விடும்.

டாக்டர் மத்தியானம் வந்தார். வந்து பார்த்தவர் முகம் மாறியது. "எவ்வளவு தண்ணி குடிச்சுது?"

நல்லுசாமி வீராயியைப் பார்த்தார்.

"கேக்கறேன் இல்ல? எத்தனை தடவ குடிச்சுது?"

"இவ கையிலதான் விட்டிருந்தோங்க" என்று வீராயி பொன்னாயியைக் காட்டினாள். 'நீங்களும் சேர்ந்துதானேம்மா சொன்னீங்க' என்று பொன்னாயிக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தது வீராயி இல்லையே.

"நாந்தாங்க குடுக்கல. பச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆகாதுன்னு நிறுத்திட்டேன்."

ஞானப்பிரகாசத்துக்குக் கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் என்ன ஊமையாட்டமா சொல்லிட்டுப் போனேன்? தச்ச எடத்துல ரத்தம் கசியும்மா. நீர் ஓடிக்கிட்டிருந்தா அடிச்சுக்கிட்டுப் போயிரும். நீ ஓட விடல. உள்ளயே கட்டியாயி வாசல அடைச்சுக்கிச்சு. கல்ல எடுத்துட்டு ரத்தத்தால அடைச்சு வச்சிருக்க!"

முப்பது வயசுகூட ஆகாத ஒரு பிள்ளை எல்லார் முன்னாலும் தன்னைத் திட்டுகிறதே என்று பொன்னாயிக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரோஷத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

டாக்டர் மறுபடியும் குழாயை விட்டார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, உறிஞ்சி, விட்டு, உறிஞ்சி எடுத்தார். கறுப்புக் கறுப்பாக ரத்தக்கட்டிகள் வந்தன. பிறகு தோலுக்கு அடியில் ஊசியால் அதே தண்ணீரை ஏற்றினார். எல்லாம் முடிந்ததும் ஒரு சட்டித் தண்ணீரையும் ஒரு கரண்டியையும் பொன்னாயி முன்னால் வைத்தார். "உக்காரு. நீ கெடுத்தத நீயே சரிபண்ணு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

பொன்னாயி உட்கார்ந்தாள். முதலில் பஞ்சில் நனைத்து நாக்கில் பிழிந்தாள். பிறகு கடைவாயில் கரண்டியால் விட்டாள். ஒவ்வொரு கரண்டி உள்ளே போகும்போதும், தையல் ஊறிப் பிரிந்துவிடுமோ என்று அவள் கை கூசியது. இருந்தும் விட்டாள். ஒரு நாழிகை கழித்து சிப்பாய் கரண்டியை நக்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள்ளேயே மூஞ்சியை விட்டது. அது குடிக்கிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

வெயில் தாழ்கிற நேரம் நாய் நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. வண்டிச் சக்கரம் வரை நடந்தது. காலைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை, நின்றபடியே விட்டது. முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் வெளிறியது, அப்புறம் மஞ்சளாக, நிற்காமல் ஓடியது.

"மோளுடா ராசா, நல்லா மோளு!" என்று பொன்னாயி கத்தினாள். கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். ஞானப்பிரகாசமும் சிரித்தார். நல்லுசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். சிப்பாய் பிழைத்துக்கொண்டது. பொன்னாயியின் கைராசியும் பிழைத்துக்கொண்டது.

டாக்டர் கை கழுவும்போது அவள் பக்கத்தில் போய் நின்றாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? பொம்பளைக்கும் இப்பிடித்தானா?"

"எப்பிடி?"

"புள்ள பெத்த ஒடம்புக்கு. அதுக்கும் தண்ணி குடுக்கலாங்களா?"

ஞானப்பிரகாசம் கொஞ்சம் தயங்கினார். "நான் மாட்டு டாக்டரும்மா. மனுசங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா போன வருசம் எஞ்சம்சாரத்துக்குத் திருச்சி ஆஸ்பத்திரியில புள்ள பொறந்தப்ப, நர்சம்மா மணிக்கொரு தரம் தண்ணி குடுத்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்." சோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பொன்னாயி சட்டியை எடுக்கத் திரும்பினாள். பின்கட்டு அறைச் சன்னலில் கிருஷ்ணம்மாளின் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. உள்ளே குழந்தை பாலில்லாமல் சிணுங்கியது.

"பொன்னாயி, அதுல இன்னும் தண்ணி இருக்கா?"

"இருக்குது தாயி."

"நாய்க்குக் குடுக்கறியே. நாலு நாளா நான் கேக்கறேன்."

பேறு பார்க்க ஆரம்பித்த இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பொன்னாயி கையில் ஏழு தாய்மார்கள் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும், யாரோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் முடிவுகட்டினாள். அப்படிச் சொல்லித்தான் பழியிலிருந்தும் தப்பித்தாள். அந்த ஏழு பேரும் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கடைசிவரை கேட்டார்கள். கேட்டதெல்லாம் இப்போது ஒன்றாகக் காதில் விழுந்தது. அவர்கள் தண்ணீர் இல்லாமல்தான் செத்தார்களா, வேறு எதனால் செத்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. தாகத்தோடு செத்தார்கள் என்பது தெரியும். அது தன்னால்தான் என்பதும் தெரியும்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே அடுப்படி வாசலுக்குப் போனாள். வீராயி உள்ளே காய மருந்து இடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சின்னம்மாவுக்குத் தண்ணி குடுக்கணும்."

வீராயியின் உலக்கை நின்றது. "என்னாடி சொல்ற? இன்னிக்கு அஞ்சாம் நாளு. ஜன்னி காணுற நாளு."

"நாய் பொழச்சுதே, பாத்தீங்கல்ல?"

"நாயும் எம்பொண்ணும் ஒண்ணாடி?"

"நாந்தான் ஒண்ணுன்னு சொன்னேன், அன்னிக்கு நீங்களும் சரின்னீங்க. தண்ணிய நிறுத்தறப்ப ரெண்டும் ஒண்ணு, குடுக்கறப்ப மட்டும் வேறயா?" பொன்னாயியின் குரல் உயர்ந்தது. அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசியதே கிடையாது. "நீங்க சின்னம்மாவப் பெத்தப்ப எங்கிட்ட எவ்வளவு கெஞ்சினீங்க, நெனப்பிருக்கா? என் காலத் தொடுறேன்னு சொன்னீங்க. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அது தப்பும்மா. தப்புன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது."

வீராயி உலக்கையைச் சுவரில் சாத்தினாள். உள்ளே குழந்தை மறுபடி அழுதது. அவள் எழுந்து போய்ச் செம்பு நிறைய, கொதித்து ஆறின தண்ணீரை மொண்டாள். மகள் படுத்திருந்த அறை வாசல் வரைக்கும் அதைக் கொண்டுவந்தாள். அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது.

"எங்கையால குடுக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பெத்தவளே கொன்னான்னு ஆயிரும்." செம்பை வாசற்படியில் வைத்தாள். "நீயே குடு. எது ஆனாலும் உங்கையாலதான்."

ஜன்னி கண்டதா என்று கேட்பீர்கள். காணவில்லை. மறுநாளே பால் சுரந்தது, அந்தப் பெண் குழந்தை வளர்ந்தது, பட்டாளத்துக்காரனும் சண்டை முடிந்து ஊர் திரும்பினான். பொன்னாயி அதற்குப் பிறகு பார்த்த பேறுகாலம் எதிலும் தண்ணீரை நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுக்க விடாத வீட்டுக்கு அவள் போகவும் இல்லை. இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாயங்காலம் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அவளுக்குத் தெரிந்தது வேறு. கிருஷ்ணம்மாளையே முதலில் தொட்டுத் தூக்கியவள் அவள்தான். ஆனால் அவள் கை உடம்பைத் தொடலாம், வாய்க்குப் போவதைத் தொடக்கூடாது. மருந்துக்குப் பக்குவம் அவள் சொல்ல, இடிப்பது வீராயி; உதட்டைத் துடைக்கிற துணியை நனைத்துத் தருவதும் வீராயி. அவளுக்கே தாகம் எடுத்தால், குனிந்து கை ஏந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். தெற்குத் தெருக்காரி கையிலிருந்து அந்த வீட்டு மனிதர் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பழிக்குப் பயந்த பயத்தில் வீராயிக்கு அது நினைவே இல்லை. பொன்னாயிக்கு நினைவு இருந்தது.

செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "தாயி, நான் குடுக்கறேங்க" என்றாள், தெரிந்து குடிக்கட்டும் என்று.

"குடு" என்று கிருஷ்ணம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள்.

அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற பழக்கத்தையெல்லாம் அவள் அப்போது பார்க்கவில்லை. செம்பின் விளிம்பில் வாயை வைத்துக் குடித்தாள். கழுத்தில் வழிந்தது, மார்பு நனைந்தது. பொன்னாயி அவள் பின்தலையைத் தாங்கிக்கொண்டாள். செம்பு காலியானதும் கிருஷ்ணம்மாள் மூச்சு வாங்கினாள்.

"இன்னொன்னு" என்றாள்.

பொன்னாயி வாசலைப் பார்த்தாள். வீராயி அங்கேயே நின்றிருந்தாள். இப்போது அவளுக்கும் நினைவு வந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. மகளைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, பொன்னாயி கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு, தண்ணீர் மொள்ள அடுப்படிக்குப் போனாள்.